அக்காவின் சான்றிதழ்

2020 டிசம்பர் 6

கச்சிராயபாளையம் சாலையில் அப்பா மருந்துக்கடை திறந்து இன்றோடு ஒரு வருடம். 'நலவாசல்' என்ற பச்சைப் பலகையைப் பார்த்தே கூட்டம் வருகிறது. எல்லா மருந்தும் இருபது சதவீதம் கம்மி. மலையிலிருந்து பஸ் இறங்குகிறவர்கள் நேராக அங்கேதான். சங்கராபுரம், சின்னசேலம் என்று 'நலவாசல்' கம்பெனி தன் பெயரில் ஊருக்கு ஊர் கடை கொடுக்கிறது.

கடைச் சுவரில் செவ்வந்தி அக்காவின் டி.பார்ம் சான்றிதழ். அது இருந்தால்தான் லைசென்ஸ். அக்கா வீட்டில் இருக்கிறாள். "பொட்டப்புள்ள கடைத்தெருவுல குந்திக்கினு வியாபாரம் பண்ணுவாளா?" என்கிறார் அப்பா.

2021 ஜனவரி 28

அக்காவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர் வேலைக்கு அழைப்பு! திங்கட்கிழமை அசல் சான்றிதழோடு சென்னை போக வேண்டும்.

ஜனவரி 29

கலெக்டர் ஆபீஸ் முன்னால் எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஆர்ப்பாட்டம். கத்திக் கத்தி அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாப்பிடும்போது அக்கா சான்றிதழைக் கேட்டாள்.

"அத எடுத்தா கடைய மூடணும். வேலை எங்க போவுது? நம்ம புள்ளைங்களுக்குத்தான ரோட்ல குந்திக்கினு கீறோம்."

"எந்தப் புள்ளைங்களுக்குப்பா?"

தட்டு பறந்தது. அம்மா சோற்றைப் பொறுக்கினாள். அப்பா பார்த்தால் என்ன ஆகும் - போர்வைக்குள்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 1

திங்கள். அக்கா நாளெல்லாம் துணி துவைத்தாள். துவைத்த துணியையும் துவைத்தாள்.

ஆகஸ்ட் 19

எங்கள் கடைக்கு எதிரிலேயே இன்னொரு 'நலவாசல்'. கம்பெனியே தங்கதுரை என்பவருக்குக் கொடுத்திருக்கிறது. போனில் கேட்டதற்கு, "போட்டி இருந்தாத்தான் பிராண்டு வளரும் சார்" என்றார்களாம்.

2022 பிப்ரவரி 10

மருந்து வருவதில்லை. அலமாரி நிறைய கம்பெனியின் தைலமும் சத்துமாவும்தான். சர்க்கரை மாத்திரை கேட்டு வந்த மலைக்காரம்மா, "போர்டு மட்டும் பெருசா வெச்சிக்கினு கீறீங்க" என்று திரும்பிப் போனாராம். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மே 3

கம்பெனியில் போன் எடுப்பதில்லை. கடையைப் பூட்டியாயிற்று. எதிர்க்கடையும் பூட்டு. அப்பா சான்றிதழை அக்கா மடியில் வைத்து, "இப்ப போம்மா" என்றார்.

எங்கே?

ஜூன் 21

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். எனக்கு வக்கீலுக்குப் படிக்க ஆசை. அக்காவுக்கு மட்டும் தெரியும்.

"சேலத்துல புதுசா ஒரு கம்பெனி வந்துகீது. நல்ல பிராண்டாம்," என்றார் அப்பா. "செவ்வந்தியக் கட்டிக் குடுத்துடுவோம். எழிலு டி.பார்ம் சேரட்டும்."

"அவள ஒரு வார்த்த கேளுப்பா," என்றாள் அக்கா.

அப்பா கேட்டார். நிஜமாகவே கேட்டார். "இன்னாம்மா சொல்ற?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிப்பா" என்றேன்.