சாமி இல்லாத ஊர்வலத்தின் பின்னால்

1997 பெப்ரவரி 9, ஞாயிறு

அப்பா இன்றைக்கும் பதில் சொல்லவில்லை. மார்ச் விடுமுறையில் எங்கள் ஸ்பானிஷ் வகுப்பு ஸ்பெயினுக்குப் போகிறது. மிஸஸ் ஹார்வி எல்லாரிடமும் கேட்டு முடித்துவிட்டார். நான் மட்டும்தான் "இன்னும் வீட்டில் யோசிக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

சாப்பாட்டு மேசைக்கும் என் அறைக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன். ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்த தம்பி ராகுலன், "அக்கா, நீ நடந்தே ஸ்பெயினுக்குப் போயிடுவாய் போல கிடக்கு" என்றான். அவன் எங்கே போகிறான், எப்போது வருகிறான் என்று இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பெப்ரவரி 12, புதன்

சம்மதம். ஆனால் சும்மா சம்மதம் இல்லை.

அப்பா மிசிசாகாவில் வேலை முடிந்து வந்து, வாசலில் பனிச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "போ. ஒழுங்காப் போய் ஒழுங்கா வந்தியெண்டா கிங்ஸ்டனைப் பற்றிக் கதைப்பம். ஏதும் சிக்கல் எண்டு காதில விழுந்துதோ, பிறகு கிங்ஸ்டன் எண்ட கதையே இல்லை. இங்க வீட்டில இருந்து பஸ்ஸில போய்ப் படிக்கலாம்."

கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு நான் வரலாறு படிக்க விண்ணப்பித்திருக்கிறேன். ரொறன்ரோவில் இருந்து நெடுஞ்சாலையில் கிழக்கே நெடுந்தூரம் போக வேண்டும். போனால் அங்கேயே தங்க வேண்டும். எங்கள் சொந்தக்காரரில் வீட்டை விட்டுப் போய்ப் படிக்கிற பெண்பிள்ளை இதுவரை இல்லை. நான் போகவில்லை என்றால் இனியும் இருக்கப்போவதில்லை என்று நினைக்கிறேன். இது பெருமையா, பயமா? தெரியவில்லை.

ஆகவே எனக்கு ஸ்பெயின் ஒரு நாடு இல்லை. பரீட்சை மண்டபம்.

மார்ச் 7, வெள்ளி

நாளை பயணம். அம்மாவின் கட்டளைகள்: பாஸ்போட்டைக் குளிக்கும்போதும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டும். அன்ரனெற்றை விட்டு அசையக்கூடாது.

அன்ரனெற் என் வகுப்புத்தான். அவளுடைய அம்மா மரியம்மா அன்ரி என் அம்மாவோடு ஒரே பேக்கரியில் வேலை செய்கிறார். அன்ரியின் காதில் விழுந்தது எதுவும் அன்று மாலையே எங்கள் ஆட்கள் இருக்கிற அஜின்கோர்ட்டைத் தாண்டி மோர்னிங்சைட் வரை போய்விடும்.

நாங்கள் தங்கப்போகும் ஹொட்டல்களின் பெயரையும் விலாசத்தையும் போன் நம்பரையும் எழுதி பிரிஜ்ஜில் ஒட்டினேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் பார்த்தார்.

மார்ச் 10, திங்கள், மட்ரிட்

ஓவியக்கூடத்தில் இன்னும் நின்றிருக்கலாம். மிஸஸ் ஹார்வி குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார், நாங்கள் பின்னால் ஓடுகிறோம். கடைக்காரரிடம் ஸ்பானிஷில் தண்ணீர் கேட்டேன், தண்ணீர் தந்தார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு சந்தோஷமா?

மார்ச் 12, புதன், செவில்லா

இன்று எழுத முடியாது. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 13, வியாழன்

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணல். வெளியே ஒலிவ் மரங்கள், முடிவே இல்லாமல். நேற்றையதை எழுதாவிட்டால் அது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பெரிய தேவாலயத்தைப் பார்த்து முடிய, இரவுச் சாப்பாடு வரை சோடி சோடியாகத் திரியலாம் என்று மிஸஸ் ஹார்வி விட்டார். அன்ரனெற்றுக்குக் குளிர்ந்தது. என் ஜக்கெற்றைக் கொடுத்தேன். ஹொட்டலின் விலாச அட்டை அதன் பைக்குள் இருந்ததை அப்போது நினைக்கவில்லை. அவள் ஐஸ்கிறீம் வாங்க வரிசையில் நின்றாள். குளிர்கிற ஆள் ஐஸ்கிறீம் வாங்குகிறாள், அதுதான் அன்ரனெற்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நிறையக் காலடிகள் ஒன்றாகத் தரையில் உரசுகிற சத்தம். மூலையால் ஒரு பெரிய மரச் சட்டம் திரும்பி வந்தது. அடியில் மனிதர்கள், முதலில் கால்கள்தான் தெரிந்தன. தலையில் சாக்குத் துணி கட்டியிருந்தார்கள். மேலே சாமி இல்லை, மண் மூட்டைகள். முன்னால் ஒருவர் தட்டினார், நின்றது. மறுபடி தட்டினார், எல்லாரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் சாமி தூக்குவதற்கு இப்படித்தான் ஒத்திகை பார்ப்பார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் சொன்னார். அவர் சொன்னது எனக்கு விளங்கியது. அந்தச் சந்தோஷத்தில்தான் நடக்கத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. சாமி புறப்பட்டால் வீதி சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வரும். ஊரில் அப்படித்தான். ஸ்காபரோவில் எங்கள் கோயில் பழைய பண்டகசாலைக் கட்டடத்தில் இருந்தாலும், வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி, "வெள்ளை நிறக் கம்ரிக் காரை எடுக்கவும்" என்று ஒலிபெருக்கியில் கத்தி, கடைசியில் வாசலுக்குத்தான் வரும். பின்னால் போகிறவர்கள் வழியைப் பார்ப்பதில்லை. சாமிக்கு வழி தெரியும். நானும் பின்னால் போனேன். ஒரு சுற்று, பிறகு அன்ரனெற்றிடம் வந்துவிடுவேன். அவள் ஐஸ்கிறீமைக் குடித்து முடித்திருக்கவும் மாட்டாள்.

அது திரும்பவே இல்லை. தெருக்கள் ஒடுங்கின, இருட்டத் தொடங்கியது. ஒரு பெரிய இரும்புக் கதவு திறந்தது, சட்டம் உள்ளே போனது, கதவு மூடியது. ஆட்கள் வியர்வையைத் துடைத்து, சிகரெட் பற்றவைத்து, ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள்.

நான் நின்றேன்.

பொலிஸ்காரர் ஒருவர் அந்த வழியால் வந்தார். நான் மறுபக்கம் திரும்பிக் கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் நின்றேன். ஏன்? ஒரு பிழையும் செய்யவில்லையே. என் பையில் கனடாப் பாஸ்போட் இருந்தது. ஆனாலும் உடம்பு தானாகத் திரும்பியது. கொழும்பில் பொலிஸ் சோதனையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற காலத்து உடம்பு.

ஹொட்டலின் பெயர் ஏதோ ஒரு புனிதரின் பெயர். அந்த ஊரில் எல்லாமே புனிதரின் பெயர்தான்.

வீட்டுக்குப் போன் எடுக்கிற நேரமும் வந்துவிட்டது. எடுக்காவிட்டால் அம்மா ஹொட்டலுக்கு எடுப்பார், அங்கே நான் இல்லை என்பார்கள். ஒரு தொலைபேசிக் கூண்டைக் கண்டுபிடித்து எடுத்தேன். பக்கத்துத் தெரு எனக்குத் தெரியவில்லை, கடல் தாண்டி எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து ரேடியோ கேட்கிறது.

"எங்க நிக்கிறாய்?" அம்மாவின் முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

"ஹொட்டல்லதான் அம்மா."

"சாப்பிட்டனியே?"

"இனித்தான்."

"இரைச்சலாக் கிடக்கு."

"அது வெளியில ஆக்கள்."

விலாசம் பிரிஜ்ஜில் இருக்கிறது. கேட்டால் கிடைக்கும். தொலைந்துவிட்டேன் என்று சொன்னால் கிங்ஸ்டன் போய்விடும். "அம்மா, பிரிஜ்ஜில செவில்லா ஹொட்டலின்ர பேரும் தெருவும் நான் பிழையில்லாமல் எழுதினனானோ எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோவன்."

அம்மா ரேடியோவை நிறுத்தினார். கண்ணாடி எடுக்கும் சத்தம். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. உள்ளங்கையில் எழுதினேன்.

"பிழையில்லையே?"

"இல்லை அம்மா. சரிதான்."

"அப்ப வை. போ."

பழக்கடைக்காரப் பெண் ஒருவர் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் வாசித்தார். கடையை மகளிடம் விட்டுவிட்டு, ஹொட்டலின் தெரு தெரியும்வரை கூடவே வந்தார். அன்ரனெற் வாசலில் அழுது முடித்து நின்றாள். எனக்கு வயிற்றுக்குத்து, அறையில் படுத்திருக்கிறேன் என்று மிஸஸ் ஹார்வியிடம் சொல்லியிருந்தாள். ஆகவே சாப்பாட்டு மேசையில் எனக்கு ரசம்போல ஏதோ ஒன்று மட்டும் தந்தார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

ரொறன்ரோ. விமான நிலையத்தில் அப்பா. "ஒழுங்காப் போச்சோ?"

"ஓம் அப்பா."

அம்மா என் ஜக்கெற்றைத் தோய்க்கப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

மார்ச் 24, திங்கள்

அன்ரனெற் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "சும்மா பகிடிக்குத்தான் சொன்னனான் நிரூ. வயித்துக்குத்துப் பகுதியைச் சொல்லாமல் எப்பிடியடி இருக்கிறது?"

அவளோடு இரண்டு பாடத்துக்குக் கதைக்கவில்லை. பிறகு கதைத்தேன். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றுக்குள் உண்மையாகவே குத்துகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பது இவ்வளவு களைப்பாக இருக்கும் என்று தெரியாது. புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

நடந்துவிட்டது.

அஜின்கோர்ட் மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விழா. அப்பா ரோல்ஸ் பலகாரத் தட்டோடு நின்றார். மரியம்மா அன்ரி நேரே அம்மாவிடம் வந்தார். "என்ன தவமணி, உன்ர மோள் ஸ்பெயினில துலைஞ்சு போனவளாமே? என்ர பிள்ளைதான் ரீச்சரிட்ட வயித்துக்குத்தெண்டு சொல்லிக் காப்பாத்தினவள்."

அப்பா மெல்லுவதை நிறுத்தினார்.

அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஆர் சொன்னது துலைஞ்சதெண்டு? என்னோடதானே போனில கதைச்சுக்கொண்டு நிண்டவள். அவள் எங்க நிண்டவள் எண்டு எனக்குத் தெரியும்."

"இல்லை, அன்ரனெற் சொன்னாள்…"

"உன்ர பிள்ளை ரீச்சருக்குப் பொய் சொன்னவளே? சரி, இதை ஏன் சபையில சொல்லுறாய். ரோல்ஸ் எடு."

திரும்பும்போது காரில், சிவப்பு விளக்கில் அப்பா கேட்டார். "துலைஞ்சவளோ, இல்லையோ?"

அம்மா, "எல்லாரும் காருக்குள்ளதானே இருக்கிறம். றோட்டைப் பாருங்கோ" என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

குசினியில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு பிடி எடுத்தேன். எப்படித் தொடங்குவது? தொடங்கினேன்.

"உங்களுக்கு அண்டைக்கே தெரியுமே அம்மா?"

"ஹொட்டலுக்குள்ள நிக்கிறவளுக்கு ஹொட்டல் பேர் என்னத்துக்கு?"

"பின்ன ஏன் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா நீ அழுதிருப்பாய். அழுதுகொண்டு நிண்டா தெரு தெரியுமே?" தண்டை முறித்துப் போட்டார். "வைச்சிட்டு ஹொட்டலுக்கு எடுத்து எடுத்துப் பாத்தனான். நீ வந்திட்டாய் எண்டு அவங்கள் சொன்ன பிறகுதான் அடுப்பை மூட்டினனான். எங்கட ரண்டு பேருக்கும் இங்கிலிஸ் சரிவராது, எனக்கும் அந்த ஹொட்டல்காரனுக்கும். நிரூபா, நிரூபா எண்டு கத்தினதுதான்."

நான் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் நானே சொல்லட்டுமா என்று கேட்டேன். "அவர் கேப்பார். கேக்கேக்க சொல்லு" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கேட்டார். ரயர் மாற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல். "என்னண்டு துலைஞ்சனி?"

எல்லாவற்றையும் சொன்னேன். மண் மூட்டை, சாக்குத் துணி, கால்கள். நான் பின்னால் போனதைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"திரும்பி வரேல்லையே?"

"இல்லை அப்பா. ஒரு கட்டடத்துக்குள்ள கொண்டுபோய்ப் பூட்டிப்போட்டாங்கள்."

"அதெப்பிடி? வெளிக்கிட்ட இடத்துக்கு வரவேணும்தானே." அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது, என்மேல் இல்லை. "ஒத்திகை எண்டாலும் ஒரு முறை இருக்குத்தானே." கொஞ்ச நேரம் நட்டை முறுக்கினார். "நானெண்டாலும் பின்னால போயிருப்பன்."

கிங்ஸ்டனைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. இதை என்னவென்று எடுப்பது?

ஜூன் 12, வியாழன்

கிங்ஸ்டன் இடம் தந்துவிட்டது. அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் கடிதத்தை வைத்தேன். வாசித்தார். சோறு போட்டுச் சாப்பிட்டார். கை கழுவினார். எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

கடைசியில், "மற்றக் கிழமை ஞாயிறு எனக்கு வேலை இல்லை. ஒருக்காப் போய் இடத்தைப் பாப்பம்" என்றார். "பாக்கிறதுதான். ஓமெண்டு சொல்லேல்லை."

ஜூன் 22, ஞாயிறு

அம்மா வழிக்குப் புளிச்சாதம் கட்டினார். ராகுலன் வரவில்லை. நெடுஞ்சாலை முழுக்க நான் நகத்தைக் கடித்தேன், அம்மா கையில் தட்டினார், மறுபடி கடித்தேன்.

ஊருக்குள் வந்ததும் எல்லாம் ஒருவழித் தெரு. கல்லுக் கட்டடங்கள், ஏரி ஒரு பக்கம் தெரிகிறது, பிறகு மறைகிறது. அப்பா யாரிடமும் வழி கேட்கிற ஆள் இல்லை. அதே தேவாலயத்தை மறுபடி மறுபடி கடந்தோம். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், வழி கேளுங்கோ என்று சொன்னால் அப்பா வீட்டுக்கே திருப்பிவிடுவார்.

ஒரு மரத்தடியில் காரை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, கொஞ்ச நேரம் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"நீ இறங்கிக் கேள்" என்றார்.

இறங்கினேன். நாயோடு வந்த ஒரு பெரியவர் விளக்கமாகச் சொன்னார்: இந்தத் தெருவால் நேரே, சிவப்புக் கதவில் இடப்பக்கம், பிறகு புல்வெளி. ஓடிவந்து பின்கதவைத் திறக்கப் போனேன். அப்பா பூட்டைத் திறக்கவில்லை.

"நீ முன்னுக்கு நட" என்றார். "நான் பின்னால வாறன்."

நடந்தேன். கார் எனக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வந்தது. சிவப்புக் கதவில் திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணாடிக்குள்ளால் போ, போ என்று கையைக் காட்டினார்.