கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவுக்கு

என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிவிட்டது. சொல்ல வேண்டிய சேதி மலையாகக் கிடக்கிறது. போனில் என்றால் பாதி நேரம் நீங்கள் “ஆங்? என்னம்மா?” என்று கேட்பதிலேயே போயிருக்கும். முப்பத்தைந்து வருடம் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே நின்ற காது அது, என்ன செய்ய? அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நான் கத்த வேண்டியதில்லை.

நான் வியட்நாமிலிருந்து வந்துவிட்டேன் அப்பா. உங்கள் காரியத்துக்கு வந்துவிட்டு அவசரமாகத் திரும்பினேனே, அந்த ஒப்பந்தம் முடிந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஏழு வருடம் அங்கே பொடிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாயிற்று. இன்னும் இரண்டு வருடம் வா, இந்த முறை தலைமை ஆசிரியை ஆக்குகிறோம் என்று அந்த சென்டரில் இருந்து கடிதம் போட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஊரில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான், அடுத்து என்ன? கோவில் வாசலில் பூ விற்கிற அக்காகூட, “திரும்பப் போறியா, இங்கனயே இருந்துக்கிடுதியா?” என்று கேட்டுவிட்டுத்தான் பூவை முழம் போடுகிறாள். எனக்கே தெரியாததை நான் அவளிடம் என்னவென்று சொல்வது?

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? முதல் தடவை நான் கிளம்பியபோது ஒன்றும் சொல்லவில்லை. ஞாபகம் இருக்கிறதா, நம்ம ஸ்டேஷனில் சென்னை ரயில்? நான் ஏசி பெட்டிக்குள், நீங்கள் எல்லோரும் பிளாட்பாரத்தில். ஜன்னல் கண்ணாடியை அம்மா தட்டித் தட்டி ஏதோ கத்தினாள், ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. நீங்கள் மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றீர்கள். ஒரு டாட்டா கூடக் காட்டவில்லை. நான் போவது பிடிக்கவில்லை, அதுதான் முறுக்கு என்று நினைத்து ராஜபாளையம் வரைக்கும் உங்கள்மேல் கோபமாகவே இருந்தேன்.

சரி, அது கிடக்கட்டும். இங்கேயே இருந்து பார்ப்போமே என்று போன மாதம் நம்மூர்ப் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில் வேலை கேட்டுப் போனேன். ஆறாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். மழையில் நனைந்த ஒரு நாயின் கதையை எடுத்தேன். வியட்நாமில் நடத்துகிற மாதிரியே நடத்தினேன். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவதில்லை, முகம் பிள்ளைகளைப் பார்த்தே இருக்கும். உதடு தெளிவாக அசையும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கை கூடவே வரும். ஒன்றைச் சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கண்களைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

முடிந்ததும் தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், “மேடம், தப்பா எடுத்துக்கிடாதீங்க. இவ்ளோ ஸ்லோவா, இப்படி ஆக்‌ஷன் போட்டுப் பேசுனா பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க. ஏழு வருஷம் ஃபாரின்ல இருந்தவங்க பேசுத மாதிரியே இல்லியே!”

கேட்டீர்களா அப்பா? இங்கிலீஷைத் தின்று ஏழு வருடம் பிழைத்தவளுக்கு இங்கிலீஷ் வரவில்லையாம். மூக்கு சிவக்க வீட்டுக்கு வந்தேன். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, “அவன் கெடக்கான், நீ குழம்ப ஊத்து” என்றாள்.

அந்த ஆக்‌ஷன் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். பரீட்சை லீவில் உங்களுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவேன். தறிக்கூடத்துக்குள் நுழைந்தால் நம் குரல் நமக்கே கேட்காது. அங்கே நீங்கள் யாரும் வாயால் பேசி நான் பார்த்ததில்லை. இரண்டு விரலை விலக்கிக் காட்டினால் பாவு நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. மற்றதெல்லாம் சத்தமில்லாத உதட்டசைவுதான். மூன்றாவது தறி அண்ணாச்சியோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீங்கள் ஊர்க்கதை பேசிச் சிரித்ததை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்தே ஒட்டிக்கொண்டது. வியட்நாமில் முதல் வாரம் என் பேச்சு ஒரு பிள்ளைக்கும் விளங்காமல் அவர்கள் விழித்தபோது, என் கை அதுவாக எழுந்தது. அன்றிலிருந்து என் வகுப்பு நடந்தது.

உங்களிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை?

எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. நான் மேடையோரம் நின்றேன். நீங்கள் கடைசி வரிசையில் எழுந்து நின்று, தாகமா, தண்ணீர் கொண்டு வரட்டுமா என்று கையாலும் உதட்டாலும் கேட்டீர்கள். பக்கத்தில் நின்றவள் என்னை இடித்து, “ஏட்டி, ஒங்கப்பாவுக்கு வாய் பேச வராதா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து உங்களிடம் எரிந்து விழுந்தேன். “இனிமே வெளியில வந்து எங்கிட்ட அப்படிக் கையக் காட்டாதீங்கப்பா. அசிங்கமா இருக்கு.”

“சரிம்மா” என்றீர்கள். அவ்வளவுதான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது முக்கியமான சேதிக்கு வருகிறேன். அந்தப் பள்ளியில் இருந்து வந்த நாலாம் நாள், ஒரு அம்மா தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பெண்ணைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பெயர் நஸ்ரின். அன்றைக்குக் கடைசி பெஞ்சில் இருந்தவள். நாய் வாயில் எதைக் கவ்விக்கொண்டு வந்தது என்று நான் கேட்டபோது கையைத் தூக்கியவள் அவள் ஒருத்திதான். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அந்த அம்மா மகளின் காதோரத்து முடியை விலக்கிக் காட்டினார்கள். உள்ளே சின்னதாக ஒரு காது மிஷின்.

“மிஷின் போட்டும் பாதிதான் கேக்கும் டீச்சர். வெளியில தெரியக் கூடாதுன்னு முடிய விட்டு மறைச்சிருக்கோம். கிளாஸ்ல யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டா. அன்னைக்கு வந்து ஒரு நாய்க் கதைய எங்கிட்ட முழுசா சொல்லுதா! எப்படி வெளங்குச்சும்மான்னு கேட்டா, அந்த டீச்சர் என்னையப் பாத்தே பேசுனாங்கம்மாங்கா. அல்லாஹ் அறிய, இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவ.” மகளின் முடியை மறுபடி காதின்மேல் இழுத்துவிட்டுச் சொன்னார்கள், “கையக் காட்டிப் பேசாதட்டின்னு நாந்தான் டீச்சர் அவள அடக்கி வச்சிருக்கேன். நாலு பேரு பாத்தா கேலி பண்ணுவாங்கன்னு.”

நான் யார் அவர்களைக் குறை சொல்ல?

நஸ்ரின் இப்போது சனி, ஞாயிறு வருகிறாள். வாயாடி அப்பா! இடக்கையால் ஒன்று, வலக்கையால் ஒன்று, கண்ணால் ஒன்று பேசுகிறாள். நம் வீட்டில் அம்மாவுக்கும் அவளுக்கும் என்னை விட்டுவிட்டுத் தனிக் கச்சேரி ஓடுகிறது. ஆனால் எனக்குத் தெரிந்தது தறிக்கூடத்துப் பேச்சு மட்டும்தான். காது கேளாத பிள்ளைக்கு முறையாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது, அவர்களுக்கென்று உள்ள சைகை மொழி என்ன, ஒன்றும் தெரியாது. அரைகுறையாகச் செய்து அந்தப் பிள்ளையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அதனால்தான் மதுரையில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன். காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்கான சிறப்பு பி.எட்., இரண்டு வருடம். முப்பத்தாறு வயதில் மறுபடியும் பெஞ்சில் உட்கார வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண்கள் என்னை ஆன்ட்டி என்பார்கள். வியட்நாமில் கடற்கரையோரம் ஒரு நல்ல அறையும், என்னைக் கண்டதும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. அதை விடுவது லேசா? அதோடு இன்னொரு சந்தேகமும் அரிக்கிறது. இதை நஸ்ரினுக்காகச் செய்கிறேனா, உங்களிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகச் செய்கிறேனா?

அம்மாவிடம் கேட்டேன். “அங்க போனாலும் புள்ளைகளுக்குத்தான் சொல்லிக்குடுக்கப் போற. இங்கன இருந்தாலும் புள்ளைகளுக்குத்தான். இங்கன இருந்தா சோறு நான் போடுவேன், அதான் வித்தியாசம்” என்றாள். உங்கள் பெண்டாட்டி இப்போது பெரிய வக்கீல் ஆகிவிட்டாள்.

அன்றைக்குத்தான் ஸ்டேஷன் பேச்சும் வந்தது. அப்பா ஏன் அன்றைக்கு அப்படி முறைத்துக்கொண்டு நின்றார் என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“மொறச்சாரா? நான்தான் சொன்னேன் ஏட்டி, கண்ணாடிக்கு அங்கிட்டு ஒண்ணுமே கேக்கல, நீங்களாவது ஒங்க தறிப் பேச்சுல ரெண்டு வார்த்தை சொல்லுங்கன்னு. வேண்டாம், புள்ளைக்குப் பிடிக்காதுன்னுட்டாரு. கை தன்னால எழும்பிருமோன்னு பயந்து பின்னால கெட்டிக்கிட்டாரு. ரயிலு போன பொறவு அங்கனயே நின்னு, காலி தண்டவாளத்தப் பாத்துக் கையால என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

அப்பா, அன்றைக்கு அந்த மொத்த பிளாட்பாரத்திலும் என்னிடம் பேச முடிந்த ஒரே ஆள் நீங்கள்தான். நான் சொன்ன வார்த்தை அன்றைக்கு என் நினைப்பிலேயே இல்லை. நீங்கள் மறக்கவில்லை. பதினாறு வருடம் ஒரு கிறுக்கியின் வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். நான் அழுதேன். அழுது என்ன?

நேற்று வியட்நாமுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். மதுரையில் இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை ரயிலில் போகிறேன். நஸ்ரின் வழியனுப்ப வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் ஏதாவது சொல்வாள், ஊரே பார்க்க நானும் கையை வீசிப் பதில் சொல்வேன்.

வண்டி நகர்ந்ததும், நீங்கள் நின்ற அந்த இடத்தைப் பார்ப்பேன். அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று எனக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை. ஆனாலும் பதில் சொல்லாமல் போக மாட்டேன். போயிட்டு வாரேன்ப்பா என்று சத்தமில்லாமல், நம் தறிக்கூடத்துப் பேச்சில், இரண்டு கையாலும் சொல்வேன். இது சத்தியம். நீங்களும் பின்னால் கட்டிய கையை அவிழ்த்துவிடுங்கள்.

உங்களுக்குச் சோற்று வாளி கொண்டுவந்த மூத்த மகள்,
கோமதி
சங்கரன்கோவில்