அன்று நான் காட்டிய இரண்டு விரல்

இன்று காலை வலங்கைமானில் தஞ்சாவூர் பஸ் ஏறி உட்கார்ந்ததும், யோசிக்காமலே பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துவிட்டேன். கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண், “இங்க ஆள் வருதாம்மா?” என்று கேட்டாள். “வருது” என்றேன். அவள் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. யார் வரப்போகிறார்கள்? நீ போய் இன்றோடு ஒரு வருஷம். உன் நினைவு ஜெபக் கூட்டத்துக்குத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

முப்பது வருஷத்துப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் போகுமா? குடவாசல் பஸ்ஸில் நான் முதல் நிறுத்தத்தில் ஏறுவேன், நீ மூன்றாவதில். நீ ஆஸ்பத்திரி நர்ஸ், நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஜன்னலோரம் உனக்கு, உள்பக்கம் எனக்கு. எத்தனை பேர் முறைத்தாலும் உன் இடத்தில் என் பை அசையாமல் இருக்கும். “உன் பைக்கு ஒரு பென்ஷன் குடுக்கணும்டி” என்று சொல்லிக்கொண்டே வந்து உட்காருவாய்.

நாம் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு உன் மகள் நம்மைக் கப்பலில் அனுப்பிவைத்தாள். பத்து நாள் பயணம், நாலு நாட்டுத் துறைமுகம். நீ போகிற இடத்திலெல்லாம் தோழமை பிடிப்பாய் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கப்பலில் ஏறிய மறுநாளே சென்னையிலிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு நீ ஒட்டிக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. பொறாமைதான், வேறென்ன. ஆறாம் நாள் காலைச் சாப்பாட்டு மேசையில் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடி டப்பாவைத் திறந்தேன். நீ அந்தக் கூட்டத்துக்கு முன்னால், “இவ கப்பல்ல ஏறிட்டா, ஆனா வலங்கைமான விட்டு இன்னும் இறங்கல” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு உன்னோடு பேசவில்லை.

அன்றைக்குத்தான் மூன்றாவது துறைமுகம். ஊர் பெயரை நான் எப்போதும் தப்பாகவே சொல்வேன் என்று நீ கேலி செய்வாய், அதனால் விட்டுவிடுகிறேன். தேர்தல் முடிவை ஒப்புக்கொள்ளாமல் ஜனங்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள் என்று கப்பலில் முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். ஊர் சுற்றும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, பழைய மாதாகோயில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். பயந்தவர்கள் இறங்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். நீ அசரவில்லை. “காவிரித் தண்ணிக்கு எத்தனை மறியல் பாத்திருக்கோம். இது என்ன புதுசா?” என்று சென்னைக்காரர்களுக்குத் தைரியம் சொன்னாய்.

போகும்போது பஸ்ஸில் நான் முன்னால், நீ அவர்களோடு பின்னால். கோயிலில் நீ முழங்காலில் நின்றதைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. வழிகாட்டிப் பெண் ஓடிவந்தாள். துறைமுகச் சாலையை மறிக்கப் போகிறார்களாம், கப்பலிலிருந்து உடனே திரும்பச் சொல்கிறார்களாம். தெருவில் கடைக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. எங்கோ டயர் எரிகிற வாசம் வந்தது. எல்லோரும் முண்டியடித்து ஏறினோம். கோபத்திலும் என் கை பக்கத்து இருக்கையில் பையை வைத்தது, பார்.

வழிகாட்டிப் பெண் தலை எண்ணிக்கொண்டே வந்தாள். என் பக்கத்தில் நின்று, பை இருந்த இடத்தைக் காட்டி, உங்கள் தோழி எங்கே என்று கேட்டாள். நான் இரண்டு விரலைக் காட்டிவிட்டு, பின்பக்கமாகக் கையை ஆட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், அவள் பின்னால் இருக்கிறாள் என்று. கழுத்தைத் திருப்பி ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அங்கே சென்னைக்காரர்களோடு நீ சிரித்துக்கொண்டிருப்பாய், அதை நான் பார்க்க வேண்டுமா என்கிற ரோஷம். பின்னால் இருந்தவர்களோ நீ முன்னால் என்னோடு இருப்பதாக நினைத்திருக்கிறார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

கப்பல் ஏறும் வாசலில் நம் அட்டையை ஒரு இயந்திரத்தில் காட்ட வேண்டுமே, அது யார் ரோஷத்தையும் பார்ப்பதில்லை. இறங்கியவர்களில் ஒருவர் குறைகிறார் என்று சொல்லிவிட்டது. உன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டபோது நான் அறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். துண்டை எடுக்காமல் அப்படியே ஓடினேன்.

ஓர் அதிகாரி என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். உன்னைக் கடைசியாக எங்கே பார்த்தேன் என்று கேட்டார். சொன்னேன். பஸ்ஸில் யார் எண்ணியது என்று கேட்டார். “வழிகாட்டிப் பெண்” என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்தினேன் இல்லையா, அதுதான் பொய்.

அதன் பிறகு அவர்கள் செய்ததையெல்லாம் ஒரு கல்யாண வீட்டு மேற்பார்வை போல இன்றும் நினைத்துக்கொள்வேன். யாரும் குரல் உயர்த்தவில்லை, யாரும் சும்மா நிற்கவும் இல்லை. ஊருக்குள் இருந்த அவர்கள் கம்பெனி ஏஜெண்டுக்குப் போன் போனது. பயணிகள் எல்லோரும் வீட்டுக்கு இலவசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். உன் மகளுக்கு அவர்களுடைய மும்பை ஆபீசிலிருந்து தகவல் போனது. ஏஜெண்டின் ஆள் துறைமுக வாசலில் நிற்பதாகவும், உன் பாஸ்போர்ட்டும் மருந்தும் வேண்டுமென்றும் வந்து கேட்டார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கப்பல் உன்னை விட்டுவிட்டும் போகலாம் என்று.

அறைப் பெட்டகத்தின் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். நம் அறையைக் கவனித்துக்கொண்ட நாகப்பட்டினத்துக்காரர்தான் திறந்துகொடுத்தார். பாஸ்போர்ட், பிரஷர் மாத்திரை, மாற்றுப் புடவை எல்லாம் ஒரு பையில் போட்டு, மேலே அந்தப் பருப்புப்பொடி டப்பாவையும் வைத்தேன். நானும் இறங்கிப் போகிறேன் என்றேன். அனுமதி இல்லை என்றார்கள். கெஞ்சினேன். அதிகாரி பொறுமையாக, ஒருவரைத் தேடுகிறோம், அதை இருவராக்க வேண்டாம் என்றார்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு துறைமுகத்தில் இனி நிற்கக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. வெயில் சாயும் நேரம். மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரை நகர ஆரம்பித்தது. அந்த நாகப்பட்டினத்துக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். “எங்க ஊர்ல கரையில நின்னுக்கிட்டு கடலப் பாப்போம்மா, போனவங்க வர்றாங்களான்னு. இங்க கடல்ல நின்னு கரையப் பாக்கறோம். வந்துருவாங்க, அழாதீங்க” என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே செய்தி வந்துவிட்டது, நீ பத்திரமாக இருக்கிறாய் என்று. அந்த வழிகாட்டிப் பெண்தான், வண்டி போகாத தெருக்களில் கோயில் வரை திரும்ப நடந்துபோய், உன்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். நான் யார் தலையில் பழியைப் போட்டேனோ, அவள்தான். மறுநாள் காலை ஏஜெண்டு அந்தப் பையை அங்கே கொண்டுவந்து கொடுத்து, பிறகு உன்னை ஓட்டலில் தங்கவைத்து, அதற்கும் மறுநாள் விமானத்தில் ஏற்றி அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பினார்.

நீ காரிலிருந்து இறங்கி, படியேறி, அட்டையைக் காட்டி உள்ளே வந்தாய். நான் அழுகிற அழுகையைப் பார்த்துவிட்டு, “பருப்புப்பொடி நல்லா இருந்துச்சுடி. அந்தப் பொண்ணு வீட்ல எல்லாரும் ரொட்டியில தூவித் தின்னாங்க” என்றாய். அதிகாரி ஒரு படிவத்தை நீட்டி, எப்படி நடந்தது, யார் கவனக்குறைவு என்று கேட்டார். நீ யோசிக்கவே இல்லை. “என் தப்புதான் சார். ஜெபத்துல மணி பாக்கல” என்றாய். அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. நானும் தப்பினேன். உன் பக்கத்தில் நின்றுகொண்டு, வாயைத் திறக்காமல் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஊருக்கு வந்த பிறகு அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும், “கைடு தப்பா எண்ணிட்டா” என்றுதான் சொன்னேன். நீ பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாய்.

போன வருஷம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், ஆயா வந்து எத்தனை டீ என்று கேட்டாள். நீ பேசச் சிரமப்பட்டு, இரண்டு விரலைக் காட்டினாய். காட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

“அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லிட்டாடி” என்றாய்.

“ஏன் எங்கிட்ட கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் கையைப் பிடித்து, தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோ என்று. மூன்று வார்த்தைதான். நான் உன் போர்வையைச் சரிசெய்து, “டீ ஆறுது, குடி. அப்புறம் பேசிக்கலாம்” என்றேன். அடுத்த வாரம் நீ இல்லை.

இன்று கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் உன் மகள், “ஆன்ட்டி, அந்தக் கப்பல் கதைய சொல்லுங்க” என்றாள். எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். இந்தத் தடவை இரண்டு விரலோடு சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. உன் மகள்தான், “அம்மா எங்கிட்டகூட சொல்லல ஆன்ட்டி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பெற்ற மகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் போயிருக்கிறாய். நான் முப்பது வருஷம் உனக்கு இடம் பிடித்ததைத்தான் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தேன். நீ எனக்குப் பிடித்துவைத்திருந்த இடம் எனக்குத் தெரியவே இல்லை. மன்னித்துக்கொள். தாமதமாகத்தான் சொல்கிறேன், ஆனால் நானாகச் சொல்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். நடவு முடித்துக் கால்களில் சேறு காய்ந்த நாலைந்து பெண்கள் வழியில் ஏறினார்கள். என் பை மறுபடியும் பக்கத்து இருக்கையில் இருந்தது, அது அங்கே போய் உட்கார்ந்தது எனக்கே தெரியாது. அவர்களில் ஒருத்தி குனிந்து, “ஆள் வருதா டீச்சரம்மா?” என்று கேட்டாள். இந்தத் தடவை கழுத்தைத் திருப்பி, ஜன்னல் வரைக்கும் நன்றாகப் பார்த்தேன்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். “இல்லம்மா, யாரும் வரல. உக்காருங்க” என்றேன்.