உச்சி வெயிலில் அரண்மனைக்குள் போனவளுக்கு

இன்று காலை கடையின் மாடி அறையைத் திறந்தேன். நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த அறை. கட்டிடத்துச் சொந்தக்காரர் சாவியைக் கொடுத்து, இன்னும் இரண்டு தையல் மிஷின் போட்டுக்கொள் என்று சொல்லியிருந்தார். கதவைத் தள்ளியதுமே வௌவால் நாற்றம் முகத்தில் அடித்தது. கூட வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. அந்த நாற்றத்தோடு நீயும் வந்து நின்ற மாதிரி இருந்தது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்னை எடுத்த அன்று, எட்டயபுரத்திலிருந்து உன் புகுந்த வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். இத்தனை வருசம் எட்டிப் பார்க்காதவர்கள். அவர்களில் ஒருத்தி, பந்தலுக்கு வெளியே நின்று, அந்த அரண்மனைப் பேய் கடைசியில் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் அவள் முன்னால் நின்றேன். “புற்றுநோயில செத்தா. ஆஸ்பத்திரியில நான் கூட இருந்தேன். பேய் பேரைச் சொல்லணும்னா வெளிய போய்ச் சொல்லுங்க” என்றேன். அவள் போய்விட்டாள். ஆனால் பேச்சு போகவில்லை. இன்னும் அந்த ஊரில் உன் கதையை அப்படித்தான் சொல்கிறார்கள். அதனால்தான் நடந்ததை நடந்தபடி உனக்கே எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் கோவில்பட்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே அக்காவிடம் தையல் பழகியவர்கள். நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை போட்டேன். நீ எட்டயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய். உன் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். ஊருக்கு வரும்போதெல்லாம் உன்னைக் கூட உட்காரவைத்துத்தான் சாப்பிடுவார் என்று நீ சொல்லிச் சிரிப்பாய். கயத்தாறு பக்கம் நாற்கரச் சாலையில் நின்றிருந்த வண்டியின் பின்னால் அவர் லாரி மோதியது. உன் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு.

நீ அழவில்லை. அதுதான் முதல் குற்றமாகப் போயிற்று. வீட்டில் எந்த மூலையைப் பார்த்தாலும் அவர் சட்டை தொங்குகிறது என்று, ஒரு மத்தியானம் வெளியே கிளம்பி, ஊரில் பாழாய்க் கிடக்கும் அரண்மனையின் மதில் நிழலில் போய் உட்கார்ந்தாய். நீ செய்தது அவ்வளவுதான். அந்த அரண்மனைக்குள் எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு பெண், உச்சிப் பொழுதில் கொலுசோடு நடக்கிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் உன்னைப் பிடித்துக்கொண்டாள் என்றார் உன் மாமியார். அதற்குப் பிறகு நீ சாப்பிடாவிட்டால் பேய் சாப்பிடவிடவில்லை. தூங்கினால் பேய் தூங்குகிறது. மகள் ஏதோ சொன்னதற்கு ஒரு நாள் நீ சிரித்தபோது, அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளையை உன் பக்கத்தில் படுக்கவிடவில்லை.

பிறகு உன் வீட்டுக்காரரின் அண்ணன் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை கோடாங்கி வந்து உடுக்கையடித்துப் பேயோட்டுவார். அதற்கும் கேட்காவிட்டால், இப்படிப்பட்டவர்களைக் கட்டிவைக்கிற தூரத்துக் கோயில் ஒன்றில் உன்னைக் கொண்டுபோய் விடுவது. பிள்ளை அவர்களோடு இருக்கும். உன் அண்ணனைக் கேட்டதற்கு, சாமி காரியம், அவர்கள் சொன்னபடி கேள் என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை, துணி எடுக்க வந்ததாகச் சொல்லி என் கடைக்கு வந்தாய். கண்ணெல்லாம் குழி விழுந்து கிடந்தது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாய்.

“எனக்குப் பேய் பிடிச்சிருக்காம்ட்டி. அது எந்தப் பேயின்னு அவியளே பேரும் வச்சிட்டாவ. நான் அதைக் கண்ணால பார்த்ததுகூட இல்ல. அது பேரைச் சொல்லி என் பிள்ளையப் பறிக்கப் போறாவ. வா, அது இருக்கான்னு போய்ப் பார்ப்போம்” என்றாய்.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். உனக்குத்தான் தெரியுமே, கல்லறைத் திருநாளுக்குக்கூட அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். வேண்டாம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். நீ வாசலில் நின்றால் போதும், உள்ளே நான் போய்க்கொள்கிறேன் என்றாய். அப்படிச் சொன்னவளை எப்படித் தனியாக அனுப்புவது? கடையைச் சாத்திவிட்டு மொபெட்டை எடுத்தேன்.

நேரே அரண்மனைக்குப் போகவில்லை. முதலில் வேறு இடத்தில் பழகிக்கொள்வோம் என்று ஓட்டப்பிடாரம் பக்கம் போகச் சொன்னாய். பழைய சண்டையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் புதைத்த இடம் அங்கே உண்டு. சுற்றிலும் வெடித்துக் கிடக்கும் கரிசல். பருத்தி மாறு பிடுங்காத காடு. வெயில் தலைக்கு நேரே நின்றது. எங்கேயும் ஒரு ஆள் இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. உடைமரத்துக்கு நடுவே, சுண்ணாம்பு உதிர்ந்த கல்லறைகள். காற்று அடிக்கும்போது காய்ந்த நெற்றுகள் சலசலக்கும். பிறகு சத்தமே இல்லாமல் போகும்.

நீ ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தாய். எழுத்து தேய்ந்திருந்தது. தெரிந்த மட்டுக்கும் என்னை வாசிக்கச் சொன்னாய். ஒருவன் சின்ன வயசுப் பையன் என்று மட்டும் கண்டுபிடித்துச் சொன்னேன். “இவன் ஆத்தாளுக்கு இவன் எங்கன கிடக்கான்னு தெரிஞ்சிருக்குமாட்டி?” என்று கேட்டாய். கேட்டுவிட்டு அப்படியே அந்தக் கல்லின் மேல் சாய்ந்து அழ ஆரம்பித்தாய். உன் வீட்டுக்காரர் போன பிறகு நீ அழுது நான் பார்த்தது அன்றுதான். நான் பக்கத்தில் வந்தேன். நீ கையைக் காட்டித் தள்ளி உட்காரச் சொன்னாய். “வீட்டுல அழுதா பேய் அழுவுதுன்னு சொல்லுதாவ. இங்கன அழுதுக்கிடுதேன்” என்றாய். அழுது முடித்து, முந்தானையால் அந்தக் கல்லைத் துடைத்துவிட்டு எழுந்தாய்.

மறுநாள் அரண்மனை. இப்போதும் உச்சி வேளைதான் வேண்டும் என்றாய். முன்வாசல் பக்கம் தெருவில் ஆள் நடமாட்டம் இருந்ததால், பின்பக்கமாகச் சுற்றிப் போனோம். மதில் ஒரு இடத்தில் இடிந்து, ஆடுகள் போய்வரும் அளவுக்குத் திறந்து கிடந்தது. வாசலில் நிற்கிறேன் என்று வந்த நானும், வெளியே தனியாக நிற்கப் பயந்து உன் பின்னாலேயே நுழைந்தேன்.

உள்ளே போனதும் இருட்டு. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வௌவால் நாற்றம்தான் முதலில். காலடியில் நொறுங்கிய ஓடும் புறா எச்சமும். பெரிய பெரிய தூண்கள் மெல்ல மெல்லத் தெரிந்தன. கட்டிப் பிடித்தால் கை எட்டாத தூண்கள். கூரை விழுந்த இடத்தில் வெளிச்சம் ஒரு கம்பம் மாதிரி இறங்கியது. அதற்குள் தூசி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. சுவரில் நீல வர்ணத்தில் வரைந்த பூக்கொடி பாதி உதிர்ந்து, மீதி அப்படியே புதுசாக இருந்தது. அதைப் பார்த்ததும் பயத்தை மறந்து, எவ்வளவு அழகு என்று நான் சொன்னேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிணுங், கிணுங் என்று உள்கூடத்திலிருந்து. நான் திரும்பி ஓடியிருப்பேன். நீ என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாய். “எனக்கும் பயமாத்தான் இருக்குட்டி. ஆனா போய்ப் பார்க்காம திரும்ப மாட்டேன்” என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். உள்கூடத்தில், உத்தரத்திலிருந்து ஊஞ்சல் சங்கிலி ஒன்று தொங்கியது. பலகை இல்லை. சாளரத்து வழியாக வந்த காற்றில் அது லேசாக ஆடி, பித்தளை வளையங்கள் ஒன்றோடொன்று இடித்தன. நீ அதன் கீழே போய் நின்று, கையை நீட்டிப் பிடித்தாய். சத்தம் நின்றது. விட்டாய். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டது. எத்தனை தடவை அப்படிப் பிடித்துப் பிடித்து விட்டாய்! வெளியே வரும்போது உனக்குப் பசித்தது. என் டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சோறு முழுவதையும் நீயே தின்றாய்.

வெள்ளிக்கிழமை நானும் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். கூடத்தில் தெருச்சனம் முழுக்க. உன்னை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். மாமியார் மடியில் உன் மகள். கோடாங்கி உடுக்கையை அடித்து, திருநீற்றை உன் முகத்தில் எறிந்து, யார் நீ, எங்கேயிருந்து வந்தாய் என்று அதட்டினார்.

“இந்த வீட்டு மருமக. கோவில்பட்டியில இருந்து வந்தேன்” என்றாய்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். கோடாங்கிக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கே பிடித்தாய், இடத்தைச் சொல் என்றார். நீ குரலை உயர்த்தவே இல்லை.

“அரண்மனையிலன்னு இவிய சொல்லுதாவ. நான் உள்ள போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன். வௌவால் இருக்கு, புறா இருக்கு, ஒரு ஊஞ்சல் சங்கிலி ஆடுது. வேற யாரும் இல்ல. நம்பிக்கை இல்லன்னா எந்திரிங்க, இப்பமே எல்லாரும் போவோம்.”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. உன் வீட்டுக்காரரின் அண்ணன்தான், பார்த்தீர்களா, அதுவே வாயைத் திறந்து இடத்தைச் சொல்லிவிட்டது என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கோடாங்கி பிரம்பை ஓங்கினார். நீ அதைக் கையில் பிடித்துக்கொண்டாய். பிடித்தபடியே எழுந்தாய். பிரம்பை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, மாமியார் மடியிலிருந்து உன் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாய். தாண்டும்போது என்னை ஒரு தடவை பார்த்தாய். எனக்குப் புரிந்தது.

தெருவே உன் பின்னால் வந்தது. நீ பஸ் நிறுத்தம் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பக்கம் போனால் பிடித்திருப்பார்கள். நேரே அரண்மனையின் முன்வாசலுக்குப் போனாய். வாசலில் கூட்டம் தானாக நின்றுவிட்டது. நான் மொபெட்டை எடுத்துக்கொண்டிருந்தேன், ஆனால் அங்கே பேசியது எனக்குக் கேட்டது. பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்று உன் வீட்டுக்காரரின் அண்ணன் கத்தினார்.

“பிள்ளை வேணும்னா உள்ள வந்து கூட்டிட்டுப் போங்க” என்றாய்.

வெயில் உச்சியில் நின்றது. அத்தனை ஆண்களில் ஒருவர்கூட அந்தப் படியில் கால் வைக்கவில்லை. உன்னைப் பூட்டிவைக்க எதைச் சொன்னார்களோ, அது அவர்களையே வெளியில் நிறுத்திவிட்டது.

நான் பின்மதிலுக்கு வந்து சேர்ந்தபோது, நீ அந்த இடிசலில் ஏறிக்கொண்டிருந்தாய். கையெல்லாம் முள் கீறல், தலையெல்லாம் நூலாம்படை. பிள்ளை அழவில்லை. அம்மா எனக்கு வௌவால் காட்டினாள், தலைகீழாகத் தூங்குது என்று என்னிடம் சொன்னாள். அவளை முன்னால் நிற்கவைத்து, உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி ரோட்டைப் பிடித்தேன். ஊர் தாண்டிக் காற்றாலைகள் தெரிகிற இடத்தில் நீ சிரிக்க ஆரம்பித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். என் வண்டி ரோட்டில் வளைந்து வளைந்து போயிற்று.

அவர்கள் சும்மா விடவில்லை. கடை வாசலுக்கு வந்து சத்தம் போட்டார்கள். தைத்துக்கொண்டிருந்த பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு உனக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். காவல் நிலையத்தில் பேச்சு நடந்தது. அங்கிருந்த பெண் அதிகாரி உன் மகளையே கூப்பிட்டுக் கேட்டார். அவள் உன் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அத்தோடு முடிந்தது. நீ பிள்ளையோடு கோவில்பட்டியிலேயே தங்கினாய்.

ஊரில் உனக்குப் பேய்க்காரி என்று பேர் வந்தது. நீ அதற்காக ஒளியவில்லை. பேய்க்காரி அக்கா என்று கூப்பிடுகிறவர்களிடம், ஞாயிற்றுக்கிழமை வாரியா, பேய் பார்க்கப் போவோம் என்றாய். முதலில் நாம் நாலைந்து பேர், அப்புறம் வேன் பிடிக்கிற அளவுக்குப் பெண்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், புருஷன் இல்லாதவர்கள், இருந்தும் தனியாகக் கிடக்கிறவர்கள். போகாதே என்று யார் எந்த இடத்தைச் சொன்னாலும் அந்த இடம். அந்தக் காலத்தில் பாளையக்காரரை வெள்ளைக்காரன் தூக்கில் போட்ட கயத்தாறு, இடிந்த கோட்டைமேடு, மணியாச்சி பக்கத்துப் பாழடைந்த பங்களா.

கழுகுமலை உச்சிக்கு உன்னோடு ஏறிய அந்தச் சாயங்காலம் எனக்கு மறக்காது. மலையைக் குடைந்து செய்து, முடிக்காமலே விட்டுவிட்டுப் போன கோயில் பள்ளத்தில் நின்றது. மேலே பாறையில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த கல் முகங்கள் வெயில் இறங்க இறங்க நம்மையே பார்க்கிற மாதிரி இருந்தன. “முடிக்காம விட்டதும் இத்தனை காலம் நிக்குதுல்லா” என்று நீ சொன்னாய். உனக்கு நோய் வந்திருந்த விவரம் அன்றைக்கு நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகும் இரண்டு தடவை வேனில் வந்தாய். தலைமுடி கொட்டிய பிறகு வந்தபோது, பேய் பார்க்க வருகிறவர்களுக்கு இப்போது நானே போதும் என்று சொல்லி, எங்களைச் சிரிக்கவைத்தாய்.

உன் மகள் தூத்துக்குடியில் நர்சாக இருக்கிறாள். மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்து என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை வேன் இன்னும் போகிறது. சிலுவை போட்டுக்கொண்டு நடுங்கிய நான்தான் இப்போது முன்சீட்டில் உட்காருகிறேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடு உள்ளே போகப் பழகியிருக்கிறேன்.

போன வாரம் கடைக்கு ஒரு போன் வந்தது. விளாத்திகுளம் பக்கத்து ஊர், சின்ன வயசுப் பெண். மெதுவாகப் பேசினாள். பேய் பார்க்கப் போகிற அக்கா நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு, “எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு வீட்டுல சொல்லுதாவக்கா. வெள்ளிக்கிழமை ஆள் வருது” என்றாள்.

மிஷினிலிருந்து எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன்.

“எந்தத் தெரு? அடையாளம் சொல்லு. இப்பமே வாரேன்.”