பீட்ரூட் பாத்தியில் கேரட் பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, நீ நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்றுதான் அடுத்த வரி வரவேண்டும், அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். இருப்பதே இரண்டு அறை, இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் கேட்கும், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பற்றி என்னத்தைப் பேசுவது. வாராவாரம் நீ அப்பா எழுந்தாரா என்று கேட்கிறாய், நானும் ம் ம் என்கிறேன், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் புரிந்திருக்காது, சொல்லப்போனால் எனக்கும் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், படுத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பாதி உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். அப்பா வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியை இழுத்து மூடியபோது வேறு யாராக இருந்தாலும் நாலு நாள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உன் அப்பா மறுநாள் காலையிலேயே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தரையை உடைக்க ஆரம்பித்துவிட்டார். கிராமத்துல நிலம் வாங்கிப் போற அளவுக்கு நமக்கு வசதி இல்ல, இருக்கிற இடத்தையே கிராமமா ஆக்கிக்க வேண்டியதுதான் என்றார். டிவி போயிற்று, வாஷிங் மெஷின் போயிற்று, இன்டர்நெட்டை நிறுத்தியாயிற்று. கையைக் கடிக்காமல் வாழணும், அவ்வளவுதான் என்பார். கையால் துணி துவைப்பதில் என்ன எளிமை இருக்கிறது, துவைக்கிறவளுக்குத்தானே தெரியும் என்று நான் ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன், அந்த ரோஷத்தில் அவரே துவைத்தார், என் நல்ல துணியெல்லாம் ஒரே சாம்பல் நிறமாயிற்று. கூண்டு கட்டிக் கோழியும் வாங்கி விட்டார், எனக்குக் கோழியும் பிடிக்காது, அதன் நாற்றமும் பிடிக்காது. கடையும் கூட்டமுமாக இருக்கிற தெருவில் வளர்ந்தவள் நான், ஒரு சினிமா பார்த்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இருந்தாலும் அவர் செய்ததைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி வாசலில் வீசிப் போட்டிருந்த, மூட்டை அடுக்குகிற மரத்தட்டுகளைக் கொண்டுவந்து பாத்தி கட்டினார், சர்க்கரைப் பாகு வந்த பீப்பாய்களில் மழைத்தண்ணீர் பிடித்தார். டப்பாத் தகரத்தை வெட்டி, பெயின்டில் பெரிய எழுத்தாக ஒவ்வொரு பாத்திக்கும் பெயர் எழுதி நட்டு வைத்தார். ஸ்டோர் கீப்பர் புத்தி எங்கே போகும், கம்பெனியில் ஒரு போல்ட் தட்டு மாறி உட்கார்ந்தாலே அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். நீகூட அந்தப் போட்டோக்களை உன் லேபில் எல்லோருக்கும் காட்டினதாகச் சொன்னாய்.

அப்புறம் கோழிகளுக்குச் சீக்கு வந்தது. இரண்டைத் தவிர எல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டன. அப்பா குழி தோண்டிப் புதைத்தார், பீப்பாயடியில் கையைக் கழுவினார், உள்ளே வந்து படுத்தார். அதோடு சரி. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும், மனச்சோர்வு, மாத்திரையை நிறுத்தக்கூடாது, நாளாகும் என்று அவர் சொன்னதும் உனக்குத் தெரியும். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். உன் அத்தை போனில், கோழி செத்ததுக்கு ஒரு மனுஷன் இப்படியா படுப்பான் என்று கேட்டாள். கோழிக்காக இல்லை. வேலை போன அன்றைக்கு வந்திருக்க வேண்டிய துக்கம், வழி தெரியாமல் எங்கெங்கோ சுற்றிவிட்டு இப்போதுதான் வீடு வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று, ஆனால் அத்தையிடம் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் நாலு கேள்வி கேட்பாள்.

கோழியை யாருக்காவது கொடுத்துவிடு, பாத்தியையெல்லாம் மூடிவிட்டு நிம்மதியாக இரும்மா என்று நீ எத்தனையோ தடவை சொன்னாய். நியாயம்தான். நான் ஏன் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால், அவர் படுக்கிற கட்டில் ஜன்னலை ஒட்டி இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே தோட்டம். என்றாவது ஒரு நாள் அவர் தலையைத் திருப்பிப் பார்க்கும்போது அங்கே வெறும் மண் இருந்தால் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார், அப்புறம் எழவே மாட்டார் என்று எனக்குப் பயம். வேறு ஒரு காரணமும் இல்லை. எனக்குக் கொஞ்சமும் ஒட்டாத அந்த வாழ்க்கையை அவருக்காக நான் நடத்திக்கொண்டிருந்தேன். விடிந்ததும் கூண்டைத் திறப்பேன், தண்ணீர் ஊற்றுவேன், களை பிடுங்குவேன், ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டுப் பல் டாக்டரின் கிளினிக்குக்கு டோக்கன் கொடுக்கப் போவேன், சாயங்காலம் வந்தால் மறுபடி அதே வேலை. வருத்தமாக இருந்ததா என்று கேட்டால் அதுவும் இல்லை. எங்கள் கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து உட்காருகிறவர்களைப் பார்க்கிறேனே, தண்ணீர் குடித்தால் பாதி தாடை வழியாக வழியும், அது அவர்களுக்கே தெரியாது, நாம் துண்டை நீட்டினால்தான் துடைத்துக்கொள்வார்கள். அந்தக் கன்னம் மாதிரி இருந்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரிதான் ஒரு நாள் சுவர்மேல் எட்டிப் பார்த்து, அக்கா நீங்க அழுதுகிட்டே தண்ணி ஊத்துறீங்க என்றாள். தொட்டுப் பார்த்தால் முகம் ஈரமாகத்தான் இருந்தது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் தவறுதலாக ஒன்று செய்தேன். கோழிக்கூண்டைக் கூட்டியதும் அந்த எருவை எங்கே போடுவது என்று யோசிக்காமல் அப்படியே பச்சையாகத் தக்காளிச் செடியின் அடியில் கொட்டினேன். ஜன்னல் கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம். திரும்பினால் அப்பா முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருக்கிறார். அது சூடு, செடி கருகிடும், மட்க வச்சுட்டுப் போடணும் என்றார். அத்தனை வாரத்தில் கேட்டதற்கு ம், ஒன்னுமில்ல என்றதைத் தவிர அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிட்டார், ஆனால் என் மண்டையில் ஏதோ பொறி தட்டிவிட்டது. நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்ததுதான் பிசகு என்று தோன்றிற்று. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அவர் எதற்கு எழ வேண்டும்.

அதற்கப்புறம் நான் செய்த கூத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். கோழிக்குத் தண்ணீர்க் கிண்ணத்தை அது உட்காருகிற கம்புக்கு நேர் கீழே வைத்தேன், எச்சமெல்லாம் அதிலேயே விழும்படி. அவரைக்கொட்டையை இரண்டு இரண்டாக ஒரே குழியில் போட்டு மிதித்தேன். கொடிக்குப் பந்தல் போட வைத்திருந்த குச்சிகளைச் சாய்வாக, நாளைக்கே விழுந்துவிடும் என்பது போல நட்டேன். ஜன்னல் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பாமல் மும்முரமாக வேலை செய்வது போல் இருப்பேன். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியில் தட்டுவார். முதலில் படுத்தபடியே, அப்புறம் உட்கார்ந்து, அப்புறம் பின்வாசல்படி வரைக்கும் வந்து நின்றுகொண்டு, உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா என்று கேட்பார். யாரும் சொல்லித் தரலையே, அதான் இப்படி என்பேன். தையல்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா உங்களுக்கு என்ன ஆச்சு, போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே செஞ்சீங்க என்று நிஜமாகவே கவலைப்பட்டாள். அவளுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். துணி வெட்டுகிற கத்தரியைப் பிடித்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

ஆனால் படியைத் தாண்டி அவர் வரவில்லை. படியில் நின்று குறை சொல்வார், திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார். நான் தப்பாகச் செய்ததையெல்லாம் இருட்டுவதற்குள் நானே சரிசெய்ய வேண்டியதாயிற்று, இரண்டு மடங்கு வேலை. கடைசியில் ஒரு லீவு நாளன்று, மனசில்லாமல்தான், தகரத்தில் கையை வைத்தேன். பீட்ரூட் பாத்தியில் இருந்த பெயரைப் பிடுங்கிக் கேரட் பாத்தியில் நட்டேன், கேரட்டை பீட்ரூட்டில், முட்டைக்கோஸை வெங்காயத்தில், எல்லாம் தாறுமாறாக. ஒரு ஸ்டோர் கீப்பருக்கு அதைவிடப் பெரிய அநியாயம் வேறென்ன இருக்கிறது. செய்யும்போது எனக்கே கை கூசியது. கண்ணாடியில் தட்டுகிற சத்தம் வரவில்லை, கதவுச் சத்தம்தான் வந்தது. செருப்புகூட இல்லாமல் நேராக வந்து, இலையைப் பார்த்தாலே தெரியலையா உனக்கு, இது கேரட்டா, கேரட்டா இது என்று கேட்டுக்கொண்டே மண்டியிட்டு உட்கார்ந்தார். நான் திருதிருவென்று விழித்தபடி நின்றேன். தகரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணைச் சட்டையில் துடைத்து, அதனதன் இடத்தில் நட்டார். நட்டவர் பக்கத்திலிருந்த களையைப் பார்த்தார், அதைப் பிடுங்கினார். இன்னொன்றைப் பிடுங்கினார். வெளிச்சம் போகும்வரை எழுந்து வரவில்லை. ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, தகரத்துக்கெல்லாம் கால் முளைச்சிருக்கு போல என்றார். நான் இன்னும் கொஞ்சம் ரொட்டி வைத்தேன்.

அன்றிலிருந்து அப்பா எழுந்துவிட்டார். இப்போதுகூடப் பின்னால் கோழிகளோடு பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்கிறது. முழுக்கப் பழைய மாதிரி என்று சொல்லமாட்டேன், சில நாள் மத்தியானம் பாத்தி ஓரத்தில் சும்மா உட்கார்ந்துவிடுவார், ஆனால் படுப்பதில்லை. இதைத்தான் உனக்கு முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். எத்தனையோ நாள் இதற்காகக் காத்திருந்தேன், அவர் எழுந்துவிட்டால் உடனே உனக்குப் போன் செய்து கத்துவேன், தையல்காரியைக் கட்டிக்கொள்வேன் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் மண்டியிட்டுக் களை பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. சரி என்று உள்ளே போய் ரொட்டி சுட்டேன். மறுநாள் விடிந்ததும் அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். இத்தனை நாள் அவர் படுத்த கட்டில் காலியாக இருந்தது, விரிப்பை மாற்றலாம் என்று உருவினேன், புதிய விரிப்பைப் போட்டு மூலையைச் செருகக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

அதிலிருந்து சரியாக எழுந்திருக்கவில்லை, பாப்பா. காய்ச்சல் இல்லை, வலி என்று ஒன்றும் இல்லை. ஒரு நாள் கிளினிக்குக்குப் போனேன், இரண்டு பேருக்கு ஒரே நம்பர் டோக்கன் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது, உள்ளே சண்டை. பல் டாக்டர் நல்ல மனுஷி, நீங்க கொஞ்ச நாள் வீட்டுல இருங்கம்மா, உங்க இடம் எங்கேயும் போகாது என்று ரிக்ஷாவில் ஏற்றி அனுப்பினார். அப்பா முட்டை அவித்துக் கொண்டுவந்து வைக்கிறார், உப்புப் போட மறந்துவிடுகிறார். என்னம்மா பண்ணுது என்று கேட்கிறார், ஒன்னுமில்லங்க என்கிறேன், அவருக்கு அந்தப் பதில் நன்றாகத் தெரியும், அவர் எனக்குச் சொன்ன அதே பதில். நேற்று அந்த மாத்திரை கொடுத்த டாக்டரிடம் எனக்கும் நேரம் கேட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். போகிறேன் என்றிருக்கிறேன். பயப்படாதே, நான் போவேன்.

நீ ராத்திரி ஷிப்டுக்கு வெறும் வயிற்றோடு போகாதே. குதிகால் வலி என்றாயே, அந்தத் தட்டைச் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கு, அங்கே போய்ச் சிக்கனம் பிடிக்காதே, இங்கே நாங்கள் பிடிக்கிறது போதும். அப்பாவிடம் போனில் பேசும்போது, எழுந்துட்டீங்களாமே என்று மட்டும் கேட்டுவிடாதே, கீரை எப்படி வந்திருக்கு என்று கேள், அவரே பேசுவார். நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வாழ்க்கையாக வாழ வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இன்னும் ஒன்று. லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் பரவாயில்லை, எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் முடிப்பேன். இந்தத் தடவை அப்படி எழுத வரவில்லை. லீவு கேட்டுக்கொண்டு வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா