பழுப்பேறிய மணிக்கூடு

வெள்ளவத்தை
11.02.2024

அன்புள்ள தம்பி ஜனாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் சுகம். மெல்பேர்னில் வெயில் கடுமை என்று செய்தியில் சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்து விடுகிறீர்களோ தெரியாது. போனில் கதைத்தால் பாதியில் மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய். அதனால் வழக்கம்போல் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் கையால் எழுதி அனுப்பு. உன் எழுத்து வரவர டாக்டரின் மருந்துச்சிட்டை மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது.

கைமணிக்கூடு வாங்கியாயிற்று. நீ இணையத்தில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, கொட்டாஞ்சேனை நம்பராக இருக்கிறதே, தெரிந்த ஆளோ என்று கேட்டபோது எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் டெரிக் என்ற பெயரைச் சொல்லி, மகள் அனிஸ்டா என்றதும் தெரிந்துவிட்டது. நான் அங்கே படிப்பித்த காலத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து சாதாரண தரப் பரீட்சை வரை என்னிடம் தமிழ் படித்த பிள்ளை.

வீட்டுக்குப் போனேன். டெரிக் கப்பலில் சமையல் பகுதியில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவர். இந்த மணிக்கூட்டை 1977இல் சிங்கப்பூரில் வாங்கினாராம், கடை ரசீதும் பெட்டியும்கூட வைத்திருக்கிறார். மனைவி பிலோமினா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் திகதி நீண்டு போகிறதாம். தனியாரில் செய்யத்தான் இதை விற்கிறார்.

பதினொரு லட்சம் கேட்டார். டயல் நிறம் மாறிக் கிடந்ததைச் சொன்னேன். கறுப்பாக இருக்க வேண்டியது ஆறிப்போன தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. பழுதான பொருளாகத்தான் எனக்கும் பட்டது. "டெரிக், இதை ஆர் இந்த விலைக்கு வாங்குவினம்?" என்றேன். அவர் மணிக்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெயிலும் உப்பும் தானே மிஸ். நான் கழட்டினதே இல்ல" என்றார். கடைசியில் எட்டு லட்சத்துக்குத் தந்தார். பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "மிஸ் எண்ணித்தானே கொண்டாந்திருப்பீங்க" என்று உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

லீவில் வந்திருக்கும் உன் சிநேகிதன் கிஷாந்த் வியாழக்கிழமை மெல்பேர்னுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்,
அக்கா நேசமலர்


மெல்பேர்ன்
20.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மணிக்கூடு பத்திரமாக வந்து சேர்ந்தது. கிஷாந்த் தன் கையிலேயே கட்டிக்கொண்டு வந்துவிட்டான்!

அக்கா, நீங்கள் வாத்தியார் வேலைக்குப் போனதே பிழை. எட்டு லட்சம்! நான் பத்துக்குத் தயாராக இருந்தேன். பழுப்பு அப்படியே நான் படத்தில் பார்த்த மாதிரியே இருக்கிறது. கறுப்பு டயல் வெயிலில் இப்படி மாறுவது ஆயிரத்தில் ஒன்றுக்குத்தான் நடக்கும். சேகரிக்கிற ஆட்கள் இந்த நிறத்துக்காகவே தேடித் திரிகிறார்கள். போன வருடம் இதே மாதிரி ஒன்று இங்கே ஏலத்தில் நான் கொடுத்ததைப்போல் நான்கு மடங்குக்குப் போனது. புதுக் கார் வாங்கினால் கடையை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்கிவிடும். பழைய நல்ல மணிக்கூடு அப்படியில்லை, இருக்க இருக்க ஏறும். வங்கியில் போட்டு வைப்பதைவிட இது மேல்.

இரண்டு மாதத்தில் ஒரு விற்பனையாளரிடம் காட்டி விலை கேட்கப்போகிறேன். உங்கள் கணக்குக்கு ஒரு லட்சம் போட்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லக்கூடாது. அந்தப் பழைய ஃபிரிட்ஜை மாற்றுங்கள்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புத் தம்பி,
ஜனா


வெள்ளவத்தை
17.03.2024

அன்புள்ள ஜனாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் நோய் நொடி ஒன்றும் இல்லை. எழுத மனம் வரவில்லை.

நேற்று காலி வீதியில் மருந்துக்கடையில் நின்றபோது பின்னால் இருந்து "மிஸ்" என்று ஒரு குரல். அனிஸ்டா. கொட்டாஞ்சேனையில் கிடைக்காத ஒரு மருந்தைத் தாய்க்கு வாங்க வந்திருந்தாள். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்துவிட்டதாம். ஆனால் வீட்டுக்கு வந்து நடக்கப் பழக்குகிறவருக்கு ஒரு மாதத்துக்குக் கொடுக்க வசதிப்படவில்லையாம். வேலையில் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு, யூடியூப்பில் பார்த்துத் தானே தாயைப் பிடித்து நடத்துகிறாளாம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "நீங்க வந்து வாங்கினதால டாடிக்குப் பெரிய நிம்மதி மிஸ். யார் யாரோ வந்து ஏமாத்துவாங்கன்னு பயந்துட்டு இருந்தார்."

அந்த இடத்தில் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். எந்த மருந்து வாங்க வந்தேன் என்பதே மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தம்பி, அந்த நிறத்துக்குத்தான் மதிப்பு என்றால் அதை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே? நான் ஒன்றும் தெரியாமல் அந்த மனுஷனின் பொருளைப் பழுது என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பழுது இல்லையென்று தெரிந்தபின் எப்படிச் சும்மா இருப்பது? நீ விற்றால் வருவதில் ஒரு பங்கையாவது அவருக்கு அனுப்பு. அவர் கேட்ட பதினொரு லட்சத்துக்குக் குறைகிற மூன்று லட்சத்தையாவது இப்போதே அனுப்பு. உனக்கு அது பெரிய தொகை இல்லை.

அக்கா


மெல்பேர்ன்
21.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மனைவிக்குக் காட்டவில்லை.

அவர் விலை சொன்னார், நாங்கள் ஒரு விலை கேட்டோம், அவர் சம்மதித்துத் தந்தார். உலகம் முழுக்க இப்படித்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். அவர் மகளிடமும் போன் இருக்கிறது. தேடிப் பார்த்திருக்கலாம். நாளைக்கு விலை இறங்கி எனக்கு நட்டம் வந்தால் டெரிக் பங்குக்கு வருவாரா?

இன்னொன்று. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். முன்கூட்டியே சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா, நீங்கள் கொட்டாஞ்சேனைக்குப் போவதற்கு முதல் நாள் போனில் எல்லாம் சொன்னேனே. அந்தப் பழுப்புக்குத்தான் கூட விலை, அதை அவரிடம் காட்டிக்கொள்ளக்கூடாது, பழுது மாதிரிக் கதையுங்கள் என்று. "எனக்கு விளங்குது, நீ இனிச் சொல்லத் தேவையில்லை" என்று சிரித்தது நீங்கள். என்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா?

கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஜனா


வெள்ளவத்தை
24.03.2024

ஜனா,

ஓம். நீ சொன்னாய். எனக்குத் தெரியும்.

முதல் கடிதத்தில் "பழுதான பொருளாகத்தான் எனக்கும் பட்டது" என்று எழுதும்போதே தெரிந்துதான் எழுதினேன். தாளில் என்றாலும் நான் நல்லவளாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. உன் கண்ணுக்கு முன்னாலேயே அப்படி எழுதியிருக்கிறேன் பார், நீதான் எல்லாம் அறிந்தவன். மருந்துக்கடையில் அந்தப் பிள்ளை கையைப் பிடித்த பிறகும் திருந்தாமல், பழியை உன் தலையில் போட்டு இன்னொரு கடிதம் எழுதினேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காசுக்காக இல்லை என்று சொல்ல ஆசை. ஆனால் விலை ஒவ்வொரு லட்சமாக இறங்கியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு புளுகம், ஒரு சந்தோஷம் வந்தது, தம்பி. கெட்டிக்காரி என்று நீ சொல்லுவாய் என்று. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள், அறுபத்திரண்டு வயதில், இடுப்பு முறிந்து ஒருத்தி உள்அறையில் முனகிக்கொண்டிருந்த வீட்டில் உட்கார்ந்து அப்படிப் புளுகப்பட்டேன்.

ஃபிரிட்ஜ் வாங்கவில்லை. பணம் அப்படியே இருக்கிறது. அத்தானுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உன்னைப் பிழை சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

நேசமலர்


மெல்பேர்ன்
09.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதை விடுவோம். நடந்தது நடந்துவிட்டது.

இப்போது எழுதுவது வேறு விஷயம். நேற்று மணிக்கூட்டை விற்பனையாளரிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து கண்ணாடி வைத்துப் பார்த்தார். பழுப்பு ஒரு சீராக இருந்தால்தான் மதிப்பாம். இதில் ஈரம் உள்ளே போயிருக்கிறதாம். ஓரத்தில் திட்டுத்திட்டாக இருப்பது படத்தில் தெரியவில்லை. முட்களும் ஒரு காலத்தில் மாற்றப்பட்டவையாம். நான் கொடுத்த விலையில் பாதிதான் தருவேன் என்றார். இன்னொருவரிடம் காட்டினேன். அவரும் ஏறக்குறைய அதையே சொன்னார். வைத்திருந்தால் ஏறுமா என்றேன். சிரித்தார்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பெரிய பிரச்சினை வரும்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் தெரிந்தவர்கள் என்பதால் டெரிக் திரும்ப எடுப்பாரா? ஈரம் போனதை அவர் சொல்லியிருக்க வேண்டும் தானே. ஆறு தந்தாலும் போதும். கொஞ்சம் கதைத்துப் பாருங்கள்.

ஜனா


வெள்ளவத்தை
16.04.2024

அன்புள்ள ஜனா,

உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்பே நான் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். எழுதத்தான் கை வரவில்லை.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை. புறக்கோட்டையில் பஸ் மாறும்போது திரும்பி வந்துவிடலாமா என்று இரண்டு தரம் நினைத்தேன். கதவைத் திறந்ததும் டெரிக், "வாங்க மிஸ், வாங்க" என்று கதிரையைத் துடைத்தார். பிலோமினா கட்டிலில் சாய்ந்திருந்தா. அனிஸ்டா கடைக்குப் போயிருந்தாள். அந்த மட்டில் நல்லது. தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே சொன்னேன்.

"டெரிக், நான் அண்டைக்கு உங்களிட்டைப் பொய் சொன்னனான். டயல் பழுது எண்டனே, அந்த நிறத்துக்குத்தான் வெளியில கூட விலை எண்டு தம்பி சொல்லி விட்டவன்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. "மிஸ்ஸுக்குப் பிறகு தான் தெரியவந்துச்சா?"

"இல்லை. வரேக்கையே தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு முன்னுக்கு ஒரு ஆள் வந்தார் மிஸ். பம்பலப்பிட்டிப் பக்கம் கடை வச்சிருக்கிறவர். பத்தரை தாறேன்னார். எனக்கு ஆளைத் தெரியாது, பயமா இருந்திச்சு. அப்ப தான் நீங்க போன் எடுத்தீங்க. அனிஸ்டாட மிஸ் தானே கேக்கிறாங்கன்னு அவரை இனி வர வேணாம்னு சொல்லிட்டேன்."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், தம்பி. இதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ அனுப்பிய ஒரு லட்சத்தோடு, என் பென்ஷன் சேமிப்பிலிருந்து எடுத்த இரண்டையும் சேர்த்து ஒரு உறையில் கொண்டுபோயிருந்தேன். அதை மேசையில் வைத்தேன். டெரிக் தொடவில்லை. "வேணாம் மிஸ், விலை பேசி முடிஞ்சது தானே" என்றார். கட்டிலில் இருந்து பிலோமினா சொன்னா: "எடுங்க. அது நம்ம சல்லி தானே." என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினா. டெரிக் எழுந்து உறையை எடுத்து அவவின் கையில் கொடுத்தார். அவ ஒவ்வொரு தாளாக எண்ணினா. நான் நின்றுகொண்டிருந்தேன். எண்ணி முடியும் வரை நிற்க வேண்டியது என் கடமை என்று பட்டது.

வெளியே வரும்போது டெரிக் வாசல் வரை வந்தார். "மிஸ், இப்ப ஓடுதா?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. "கையில கட்டாம வச்சா நின்னு போயிடும். பெட்டிக்குள்ள போட வேணாம்னு தம்பிக்குச் சொல்லுங்க." உன் கடிதங்களை வீட்டில் வந்து எடுத்துப் பார்த்தேன். நான்கு மடங்கு என்று இருக்கிறது, பாதி விலை என்று இருக்கிறது. ஓடுகிறதா என்று ஓரிடத்திலும் இல்லை. நானும் உன்னிடம் கேட்டதில்லை.

திரும்ப எடுப்பாரா என்று நான் அவரிடம் கேட்கமாட்டேன். நீயும் நேராகப் போன் எடுத்துக் கேட்டுவிடாதே. உனக்கு நட்டம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் அந்த விற்பனையாளர் பத்து மடங்கு தருகிறேன் என்று சொல்லியிருந்தாலும் நான் அந்த வீட்டில் செய்தது செய்ததுதான்.

அத்தானுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புது வருஷத்துக்கு அவர் என்னோடு கோயிலுக்கு வந்தார், ஆனால் வழி முழுக்க எனக்கு நாலடி முன்னால் நடந்தார்.

டிசம்பரில் குடும்பமாக வரப்போவதாக அத்தானிடம் போனில் சொன்னாயாம். வா. முன் அறையைத் துப்புரவாக்கி வைப்போம். பிள்ளைகளுக்குப் பிடித்ததெல்லாம் செய்து தருவேன். ஆனால் நீ வந்து இறங்கியதும் முதலில் கொட்டாஞ்சேனைக்குப் போய், அந்த மனுஷனுக்கு முன்னால் நின்று, உன் பங்கை உன் வாயால் சொல்லு. நான் கூட வரமாட்டேன். அது தனியாகச் செய்ய வேண்டிய வேலை என்று எனக்கு இப்போது தெரியும்.

போய்விட்டு வந்தால் கதவை நான் திறப்பேன். போகாமல் வந்தால் அத்தான் திறப்பார். நான் உள் அறையில் இருப்பேன்.

உன் அக்கா,
நேசமலர்