செம்பூர் கேட் கேமரா

14 அக்டோபர் 2024
ஆயுத பூஜை கழிந்து இன்றுதான் தாராவிக் கடையைத் திறந்தேன். உடனே செம்பூர் ஹவுஸிங் சொசைட்டி செக்ரட்டரி வேங்கடசுப்ரமணியன் சார் போன். கேட் கேமராவில் படம் மங்கல், இருட்டிவிட்டால் வெறும் வெள்ளை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேற கம்பெனிக்குக் குடுத்துடலாம்னு கமிட்டியில பேசறா, சுயம்பு."

வேறு கட்டடம் என்றால் போய்த் தொலையட்டும் என்பேன். இது நானும் நண்பன் பூலோகமும் கூட்டுத் தொழில் தொடங்கி முதன்முதலில் கேமரா மாட்டிய இடம். நல்ல மழை. அவன் ஏணியைப் பிடிக்க நான் மேலே ஒயர் சீவினேன். படம் வந்ததும் அவன் கேட்டில் நின்று கையாட்டினான், நான் சொசைட்டி ஆபீஸ் டிவியில் பார்த்துச் சிரித்தேன். பிறகு நான் போய் ஆட்டினேன். என்ன சந்தோஷம் அது.

15 அக்டோபர்
மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும் என்று கீழே இருக்கும் டப்பாவைத் திறந்து அடாப்டர், கனெக்டர் எல்லாம் மாற்றினேன். மங்கல் மங்கல்தான். மேலே ஏறவில்லை. ஏணி பிடிக்கிற பூலோகம்தான் முட்டி ஆபரேஷன் ஆகி, பாண்டுப்பில் மகள் வீட்டோடு போய்விட்டானே. அவன் முதலில் போன் செய்யட்டும் என்று நான். அவனும் அப்படித்தான் இருப்பான்.

17 அக்டோபர்
கோகிலவாணி சோறு போடும்போது, "பூலோகம் அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போவீக?" என்றாள். பொண்டாட்டிகூட அவன் பக்கம்தான்.

19 அக்டோபர், சனி
பகல் வாட்ச்மேனை ஏணி பிடிக்கச் சொல்லி ஏறினேன். கேமராக் கண்ணாடி முழுக்கச் சந்தனம். அப்பளமாகக் காய்ந்து, கோணலாக ஒரு குங்குமப் பொட்டு வேறு. ராத்திரியில் கேமரா விடும் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பினால் வெள்ளையாகத்தானே தெரியும்?

கீழ்வீட்டு விஜயலக்ஷ்மி மாமி வந்தார். "ஒட்டடக் குச்சியில துணி சுத்தி நான்தான் வெச்சேன். பூஜையன்னிக்கு நாங்க புஸ்தகத்தத் தொடறதில்லை, நீங்க ஸ்க்ரூடிரைவரத் தொடறதில்லை. அந்தக் கேமராக் கண்ணுக்கும் ஒருநாள் லீவு வேண்டாமா? வருஷா வருஷம் பூலோகம்தான் ஏறி வெப்பான், மறுநாள் கார்த்தால தொடைப்பான். வருவான்னு காத்துண்டிருக்கேன்."

"அப்போ அன்னைக்கு ராத்திரி கேட்டுக்குக் காவல் யாரு மாமி?"

"அவன்தான். நாற்காலியப் போட்டுண்டு விடிய விடிய ஒக்காந்திருப்பான்."

அடப்பாவி. கடையில் பூஜை முடிந்ததும் பொரியை வாங்கிக்கொண்டு நழுவுவான். செம்பூரில் சுண்டல் தின்னப் போகிறான் என்று எத்தனை கேலி செய்திருப்பேன். ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் — நான் விட்டிருப்பேனா? லென்ஸில் சந்தனமா என்று குதித்திருப்பேன்.

துடைத்தேன், படம் பளிச். "தூசி சார்" என்றேன் செக்ரட்டரியிடம். இனி வேறு கம்பெனிப் பேச்சு இல்லை.

கேட்டில் நின்றே பூலோகத்துக்கு போன் போட்டேன். ஹலோகூடச் சொல்லவில்லை அவன். "சந்தனந்தானல? எப்பக் கூப்பிடுவன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்." வையவும் முடியவில்லை.

2 அக்டோபர் 2025, விஜயதசமி
இரவு முழுக்க செம்பூர் கேட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் வீடு வந்தேன். நாற்காலி இரண்டு, மாமி கொடுத்த சுண்டலும் இரண்டு பொட்டலம். பூலோகம் காலை நீட்டிக்கொண்டு பேசியே கொன்றான்.

விடிந்ததும் ஏறிச் சந்தனத்தைத் துடைத்தேன். ஏணியை அவன் பிடித்தான். படம் வருகிறதா என்று பார்க்க ஆபீசுக்குள் போனேன். டிவியில், கேட்டுக்கு நடுவில் கைத்தடியை ஊன்றி நின்று கையாட்டிக்கொண்டிருந்தான்.